கொல்மார் வெளியில் ஒரு பத்தொன்பது வயது லெப்டினன்ட்



இம்முறை மலருக்குப் பேர்போன ஒருவரின் வாழ்க்கையை எழுதித் தாருங்கோ என்று மலர்க் குழுப் பிள்ளைகள் கேட்டார்கள். காந்தியைப் பற்றியும் மண்டேலாவைப் பற்றியும் எங்கள் மலர்களில் ஏற்கெனவே வந்துவிட்டது. நான் ஒரு இராணுவ அதிகாரியைத் தெரிந்தெடுத்தேன். அதுவும் ஜெனரலோ கேணலோ இல்லை. அதிகாரிகளுக்குள் ஆகக் கீழ்ப்படியில் நிற்கிற ஒரு இரண்டாம் லெப்டினன்ட். சண்டைக்குப் பயந்து ஊரை விட்டு வந்த எங்களுக்கு ஏன் இன்னொரு சண்டைக்காரனின் கதை என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். இந்த மனிதர் பேரெடுத்தது ஒரு மணித்தியால வேலையால். ஆனால் அந்த யுத்தம் அவரை விட்டுப் போக இருபத்தாறு வருஷம் காணவில்லை. அதனால்தான் எழுத யோசித்தேன்.

பெயர் ஓடி மேர்பி. அமெரிக்கர். எங்கட பாஷையில் ஓடி என்றால் வேறை அர்த்தம். ஆனால் ஆள் ஓடாமல் நின்றதால்தான் பேர் வாங்கினவர். வயது போனவர்களுக்கு அவரைக் குதிரையில் வருகிற கௌபோய்ப் பட நடிகராக ஞாபகம் இருக்கலாம். நானும் முதலில் அப்படித்தான் அறிந்தேன். வந்த புதிதில் பாஷை தெரியாமல், ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் ரிவிக்கு முன்னால் குந்தியிருந்த காலத்தில், இந்தக் குழந்தை முகக்காரர் இரண்டு மூன்று படங்களில் துவக்கோடு வந்து போனார். அவர் உண்மையாகவே துவக்குப் பிடித்தவர் என்பதும், பிடித்த இடம் நாங்கள் இருக்கிற பாசலிலிருந்து ரயிலில் ஒரு மணித்தியாலத்துக்குள் போகக்கூடிய கொல்மார்ப் பக்கம் என்பதும் பிறகுதான் தெரிய வந்தது.

மேர்பி பிறந்தது 1925 ஜூன் 20ஆம் திகதி, ரெக்சாஸ் மாநிலத்தில் கிங்ஸ்ரன் என்கிற சின்ன ஊரில். பன்னிரண்டு பிள்ளைகளில் ஏழாவது. தகப்பனுக்குச் சொந்தக் காணி கிடையாது. ஆருடையதோ நிலத்தில் பருத்தி போட்டு, விளைச்சலில் பங்கு கொடுக்கிற குத்தகை விவசாயி. முப்பதுகளில் அமெரிக்காவைப் பஞ்சம் பிடித்து ஆட்டிய காலம் அது. ஒரு கட்டத்தில் அந்தக் குடும்பம் பழைய ரயில் பெட்டி ஒன்றுக்குள்ளும் குடியிருந்தது. அமெரிக்கா என்றவுடன் எங்கள் ஆட்களின் கண்ணில் நியூயோர்க் மாடிகள்தான் தெரியும். அங்கேயும் எங்கள் தோட்டக் கூலிச் சனங்களைப் போல முதுகு முறிய வேலை செய்து அரை வயிறு சாப்பிட்ட வெள்ளைக்காரர் இருந்தார்கள்.

தகப்பன் அடிக்கடி வீட்டை விட்டுப் போவார், வருவார். கடைசியில் ஒருநாள் போனவர் போனவர்தான். மேர்பி ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, நாளுக்கு ஒரு டொலர் சம்பளத்துக்குப் பருத்தி எடுக்கப் போனார். வீட்டில் கறிக்கு ஒன்றும் இல்லாத நாட்களில் துவக்கை எடுத்துக்கொண்டு முயல், அணில் அடிக்கப் போவார். தோட்டா வாங்கக் காசு இல்லாததால் ஒரு வெடி வைத்தால் ஒரு முயல் விழ வேணும். தவறினால் இரவு தம்பி தங்கச்சிமார் பட்டினி. பின்னாளில் அவருடைய குறி தவறாத சூட்டைப் பற்றிப் பெரிதாக எழுதினார்கள். அந்தக் குறியைப் பழக்கியது பசிதான், இராணுவம் இல்லை.

1941 மே மாதம் தாய் செத்துப் போனா. மேர்பிக்கு அப்போது பதினாறு வயது நிரம்பவில்லை. அந்தச் சாவை அவர் கடைசி மட்டும் மறக்கவில்லை என்று அவரோடு பழகியவர்கள் எல்லோரும் எழுதியிருக்கிறார்கள். தாய் போனதும் கடைசி மூன்று பிள்ளைகளையும் அநாதை இல்லத்தில் சேர்க்க வேண்டியதாயிற்று. அந்த மூன்று பேரையும் ஒரு நாளைக்கு வெளியே எடுப்பேன் என்று மனதுக்குள் முடிச்சுப் போட்டுக்கொண்டார்.

அந்த வருஷம் டிசம்பரில் ஜப்பான்காரர் பேர்ள் ஹாபரில் குண்டு போட, அமெரிக்கா யுத்தத்துக்குள் இறங்கியது. மேர்பி படையில் சேர ஓடினார். சம்பளம், சாப்பாடு, உடுப்பு எல்லாம் கிடைக்கும். ஆனால் வயது காணாது. மூத்த தமக்கை கொரின் வயதைக் கூட்டிக் கையெழுத்து வைத்துக் கொடுக்க, 1925 என்பது 1924 ஆகிவிட்டது. எங்கள் ஆட்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. பாஸ்போட்டில் ஒரு வயது, சாதகக் குறிப்பில் இன்னொரு வயது, அகதி விண்ணப்பத்தில் மூன்றாவது வயது என்று எங்களுக்குள் எத்தனை பேர்!

வயதைச் சரிக்கட்டியும் உடம்பு விடவில்லை. உயரம் ஐந்தடி ஐந்தரை அங்குலம், எடை 112 இறாத்தல். மரீன் படை வேண்டாம் என்றது. கடற்படை வேண்டாம் என்றது. கடைசியில் 1942 ஜூன் கடைசியில் தரைப்படைக் காலாட்பிரிவு எடுத்துக்கொண்டது. பயிற்சி முகாமில் வெயிலுக்குள் அணிவகுக்கும்போது மயங்கி விழுந்தார். மற்றப் பெடியள் பேபி என்று பட்டம் வைத்தார்கள். கொம்பனிக்குப் பொறுப்பானவர் இரக்கப்பட்டு, இந்தப் பிள்ளையைக் குசினிப் பயிற்சிக்கு அனுப்பினால் என்ன என்று பார்த்தார். மேர்பி மாட்டன் என்று அடம் பிடித்து நின்றார். அன்றைக்கு ஓமென்று தலையாட்டியிருந்தால் ஒரு நல்ல சமையல்காரர் உயிரோடும் நித்திரையோடும் ஊருக்குத் திரும்பியிருப்பார்.

1943 பெப்ரவரியில் கப்பலில் கசபிளாங்காவில் போய் இறங்கினார். அமெரிக்காவின் மூன்றாவது காலாட் டிவிஷன், அதில் பதினைந்தாவது ரெஜிமென்ற், அதில் பி கொம்பனி. கடைசி மட்டும் இந்தக் கொம்பனிதான் அவருக்கு வீடு. யூலை 10ஆம் திகதி சிசிலித் தீவில் லிக்காட்டாக் கரையில் இறங்கினார்கள். பிறகு இத்தாலிப் பெருநிலம். சலேர்னோ, வொல்ற்றுர்னோ ஆற்றங்கரை, அன்சியோ. இடையிடையே மலேரியாக் காய்ச்சல். சாதாரண சிப்பாயாகப் போனவர் கோப்ரல் ஆகி, சார்ஜன்ற் ஆகி, 1944 மார்ச்சில் அன்சியோவில் பழுதாகி நின்ற ஜேர்மன் டாங்கி ஒன்றைத் திருத்த விடாமல், தவழ்ந்து போய்த் துவக்கில் பூட்டி அடிக்கிற கிரனேட்டுகளால் உடைத்தார். அதற்கு ஒரு பதக்கம். இத்தாலிச் சண்டைகளை நான் வரிசையாக எழுதப் போவதில்லை. ஒன்றை மட்டும் சொல்ல வேணும். அவர் மேலே மேலே போனதற்கு வீரம் மட்டும் காரணமில்லை. அவருக்கு மேலே இருந்தவர்கள் ஒவ்வொருவராக விழுந்துகொண்டிருந்தார்கள்.

1944 ஓகஸ்ட் 15ஆம் திகதி பிரான்சின் தென்கரையில், ரமட்டுவெல் என்கிற ஊருக்குக் கிட்டத் தரையிறங்கினார்கள். முந்திரிகைத் தோட்டங்களுக்கு மேலே ஒரு மேட்டில் இருந்து ஜேர்மன் இயந்திரத் துப்பாக்கிகள் அடித்துக்கொண்டிருந்தன. மேர்பியோடு அவருடைய உயிர்ச் சிநேகிதர் லாற்றி ரிப்ரன். மேர்பியை விடக் கன வயது மூத்தவர், ரெனசியைச் சேர்ந்தவர், ஊரில் ஒரு மகள். ஜேர்மன்காரர் வெள்ளைத் துணியைக் காட்டினார்கள். சரணடைகிறார்கள் என்று நம்பி ரிப்ரன் எழும்பினார். சுட்டுப்போட்டார்கள். அதற்குப் பிறகு நடந்ததை மேர்பி நிதானத்தோடு செய்யவில்லை. தனியாளாக அந்த மேட்டில் ஏறி, அவர்களுடைய இயந்திரத் துப்பாக்கியையே பறித்து, அந்த நிலைகளை எல்லாம் முடித்துவிட்டார். அமெரிக்காவின் இரண்டாவது பெரிய வீரப் பதக்கம் அதற்குக் கிடைத்தது. ஆனால் அதை வீரம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அது கோபம், துக்கம். பின்னாளில் அவர் தன் புத்தகத்தைச் சமர்ப்பணம் செய்த இரண்டு சிநேகிதர்களில் ரிப்ரன் ஒருவர்.

நான் வீரம் என்று சொல்லுவது வேறொன்று. அதன் முதல் அடையாளம் ஒக்டோபர் மாதம் வோஜ் மலைக்காட்டில் தெரிந்தது. ஒரு கல்லுக்குவாரியைச் சுற்றிக் கடும் சண்டை. மேர்பி தன் ஆட்களைப் பின்னால் பாதுகாப்பாக இருக்க விட்டுவிட்டு, ஒரு சின்ன ரேடியோவோடு தனியத் தவழ்ந்து போய், எதிரியைக் கண்ணால் பார்த்துக்கொண்டே ஒரு மணித்தியாலம் பீரங்கிக்காரருக்கு இலக்குச் சொல்லிக் கொடுத்தார். பத்தொன்பது வயதில் அவருக்கு ஒன்று விளங்கியிருந்தது. தன்னுடைய துவக்கை விடத் தன்னுடைய கண்ணும், பின்னால் நிற்கிற பீரங்கியும் சேர்ந்தால் தன் ஆட்களில் கன பேர் தப்புவார்கள்.

அந்த மாதம் 14ஆம் திகதி களத்திலேயே இரண்டாம் லெப்டினன்ட் ஆக்கினார்கள். முதல் கேட்டபோது வேண்டாம் என்றவர். ஐந்தாம் வகுப்புப் படிப்போடு அதிகாரி வேலையின் எழுத்து வேலைகளை என்னெண்டு செய்வது என்ற வெட்கம் ஒரு காரணம். அதிகாரி ஆனால் வேறு கொம்பனிக்கு மாற்றிவிடுவார்கள் என்பது மற்றது. மாற்ற மாட்டோம் என்ற பிறகுதான் ஓம் என்றார். பன்னிரண்டு நாள் கழித்து ஒரு ஸ்னைப்பர் இடுப்பில் சுட்டான். காயம் அழுகி, சதையை வெட்டி எடுத்தார்கள். ஆஸ்பத்திரியில் இரண்டு மாதத்துக்கு மேல். 1945 ஜனவரி நடுவில், முற்றாகச் சுகம் வராமலே கொம்பனிக்குத் திரும்பினார்.

இனி எங்கள் பக்கத்துக் கதை.

பிரான்சின் அல்சாஸ் மாகாணத்தில் ரைன் நதிக்கும் வோஜ் மலைக்கும் நடுவே தட்டையான வெளி. பிரான்சின் மற்றப் பகுதிகள் எல்லாம் அநேகமாக விடுபட்ட பிறகும், கொல்மார் நகரத்தைச் சுற்றி ஒரு பெரிய துண்டு ஜேர்மன்காரர் கையில் இருந்தது. அதைக் கொல்மார்ப் பை என்று சொல்லுவார்கள், சட்டைப்பை மாதிரி வளைந்த கோடு என்பதால். பிரெஞ்சுப் படையும் அமெரிக்கப் படையும் சேர்ந்து அதை முடிக்க வந்தன. ஜனவரி 23ஆம் திகதி இல் என்கிற ஆற்றைக் கடக்கும்போது, டாங்கியின் பாரம் தாங்காமல் பாலம் இடிந்து விழுந்தது. காலாட்படை ஆற்றுக்கு அங்காலை, டாங்கிகள் இங்காலை. அந்த இடைவெளியில் ஜேர்மன் டாங்கிகள் வந்து அடித்த அடியில் மூன்றாவது டிவிஷன் கலங்கிப் போனது. மேர்பியின் கொம்பனி ரீட்வீர்க் காடு வழியாகப் போய், ஹோல்ட்ஸ்வீர் என்ற கிராமத்துக்கு எதிரே காட்டோரத்தில் நிற்க வேண்டி வந்தது. நூற்றிருபது பேர் அளவில் போன கொம்பனியில் இருபதுக்கும் குறைவானவர்கள்தான் மிச்சம். மற்ற அதிகாரிகள் எல்லாம் செத்தோ காயப்பட்டோ போக, மோட்டார்ச் செல் துண்டுகள் இரண்டு காலிலும் பட்ட இந்தப் பெடியனின் கையில் கொம்பனி வந்து சேர்ந்தது.

நான் ஒரு மாரிகாலத்து ஞாயிறு மகனோடு காரில் அந்த இடத்துக்குப் போய்ப் பார்த்தேன். பார்க்கப் பெரிதாக ஒன்றும் இல்லை. சோளம் வெட்டின வெறும் வயல், காட்டின் விளிம்பு, தூரத்தில் கிராமத்துக் கோயில் கோபுரம். 2000ஆம் ஆண்டு வைத்த நினைவுக்கல் ஒன்று நிற்கிறது. இரண்டு கிராமங்களையும் 2016இல் சேர்த்து வேறு பெயர் வைத்துவிட்டார்கள். நான் நினைத்ததை விட வெளி வெறுமையாக இருந்தது. கிராமத்தில் இருந்து காடு மட்டும் ஒளிய ஒரு மேடு பள்ளம் கிடையாது. எங்கள் முல்லைத்தீவு வெளிகளைத் தெரிந்தவர்களுக்கு அது எப்படிப்பட்ட இடம் என்று விளங்கும்.

ஜனவரி 26. தரையில் பனி. நிலம் இரும்பாக உறைந்து கிடந்ததால் பங்கர் வெட்ட ஏலவில்லை. உதவிக்கு எம்-10 என்கிற டாங்கி அழிப்பு வண்டிகள் இரண்டு. பின்னால் இருக்கிற தலைமையகத்தோடு கதைக்க ஒரு ரெலிபோன் வயர். பின்னேரம் இரண்டு மணியளவில் கிராமத்துக்குள் இருந்து ஆறு டாங்கிகள் வெளியே வந்தன. அவைகளுக்குப் பின்னால் வெள்ளைப் பனி உடுப்போடு காலாட்படை, அலை அலையாக. ஒரு எம்-10 வண்டி பள்ளத்துக்குள் சறுக்கி விழுந்து உதவாமல் போனது. மற்றதில் நேரே செல் விழுந்து நெருப்புப் பிடித்தது. தப்பிய ஆட்கள் காட்டுக்குள் ஓடினார்கள்.

இந்த இடத்தில்தான் மேர்பி முடிவெடுத்தார். தன்னோடு மிஞ்சியிருந்த எல்லோரையும் காட்டுக்குள் பின்வாங்கச் சொன்னார். தான் மட்டும் நின்றார். கையில் வரைபடம், ரெலிபோன், ஒரு சின்னத் துவக்கு. பீரங்கிகளுக்கு அளவு சொல்லச் சொல்ல, செல்கள் வந்து ஜேர்மன் வரிசைகளுக்குள் விழுந்தன. டாங்கிகள் அவரைத் தாண்டியும் வந்தன. எதிரி எவ்வளவு கிட்ட என்று ரெலிபோனில் கேட்டவர்களுக்குப் பகிடியாகப் பதில் சொன்னாராம். பயத்தில் பகிடி விடுகிற பழக்கம் எங்கள் பங்கர்களுக்குள்ளும் இருந்தது.

துவக்குத் தோட்டா முடிந்ததும், எரிந்துகொண்டிருந்த அந்த எம்-10 வண்டியைப் பார்த்தார். அதன் மேலே பூட்டியிருந்த ஐம்பது கலிபர் இயந்திரத் துப்பாக்கி பழுதாகவில்லை. ரெலிபோனையும் இழுத்துக்கொண்டு அந்த வண்டியில் ஏறினார். உள்ளே எண்ணெய், உள்ளே செல்கள். எந்த நேரமும் வெடிக்கலாம். காட்டுக்குள் இருந்து பார்த்தவர்கள் ஒவ்வொரு நிமிஷமும் அதைத்தான் எதிர்பார்த்தார்கள். அவருடைய பாரமான மேல் கோட்டு, கிழிந்த காற்சட்டை, கட்டுப்போட்ட கால். அந்தக் கோலத்தில் நின்று மூன்று பக்கமும் சுட்டார். சுடச் சுட ரெலிபோனில் பீரங்கிக்கும் அளவு சொன்னார்.

என்னெண்டு தப்பினார்? கடவுள் என்பவர்கள் சொல்லட்டும். எனக்கு விளங்கினது இதுதான். எரிகிற வண்டியில் ஒரு மனிதன் ஏறி நிற்பான் என்று ஒரு ஜேர்மன்காரனும் நினைக்கவில்லை. சூடு எங்கே இருந்து வருகிறதென்று தேடினார்கள். புகை அவரை மறைத்தது. காலாட்படை விழ விழ, டாங்கிகள் தனியாகக் காட்டுக்குள் புகத் தயங்கின. காட்டுக்குள் துணைக்கு ஆள் இல்லாத டாங்கி கண் தெரியாத யானை மாதிரி. ஒரு சிறு குழு அவருடைய வலப்பக்கமாகப் பள்ளத்துக்குள்ளால் ஊர்ந்து, பத்து யார் தூரத்துக்குள் வந்துவிட்டது. புகை விலகிய நேரம் கண்டார். அவ்வளவுதான். இப்படி ஒரு மணித்தியாலம். செத்ததும் காயப்பட்டதுமாக எதிரியின் ஐம்பது பேர் அளவில் என்று அமெரிக்க இராணுவத்தின் பத்திரம் சொல்லுகிறது. அந்த ஐம்பது பேருக்கும் தாய்மார் இருந்திருப்பினம்.

தோட்டா முடிய, இறங்கி, நொண்டி நொண்டிக் காட்டுக்குள் போனார். கால் காயத்துக்கு மருந்து கட்ட வந்தவர்களை விலக்கிவிட்டு, மிஞ்சியிருந்த கையளவு ஆட்களை ஒழுங்கு படுத்தித் திரும்பவும் முன்னால் கூட்டிக்கொண்டு போனார். ஜேர்மன்காரர் பின்வாங்கினார்கள். அடுத்த கிழமை, பெப்ரவரி 2ஆம் திகதி, கொல்மார் விடுபட்டது. 9ஆம் திகதியோடு அந்தப் பையே இல்லை.

இந்தக் கதையில் எரிகிற வண்டியைத்தான் எல்லோரும் சொல்லுவார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது அதற்கு முந்தின நிமிஷம், ஆட்களைப் பின்னுக்குப் போகச் சொன்ன நிமிஷம். ஆரையாவது நிற்கச் சொல்லிவிட்டுத் தான் போகிற தலைவர்களை நாங்கள் எல்லாப் பக்கத்திலும் கண்டவர்கள். பிள்ளைகளை முன்னுக்கு விட்டவர்களையும் கண்டவர்கள். நான் இதற்குள் அரசியல் கதைக்க வரவில்லை. பீரங்கிக்கு அளவு சொல்ல ஒரு கண் போதும், அந்த ஒரு கண் தன்னுடையதாக இருக்கட்டும் என்று கணக்குப் பார்த்தார். அன்றைக்குக் காட்டுக்குள் அனுப்பப்பட்டவர்களில் பலர் வீடு போய்ச் சேர்ந்தார்கள்.

1945 ஜூன் 2ஆம் திகதி ஒஸ்ரியாவின் சால்ஸ்பேர்க் நகருக்குக் கிட்ட, அமெரிக்காவின் ஆகப் பெரிய வீரப் பதக்கத்தைக் கழுத்தில் போட்டார்கள். இருபது வயதாக இன்னும் பதினெட்டு நாள் இருந்தது. யூலையில் லைஃப் சஞ்சிகையின் அட்டையில் அவருடைய படம் வந்தது. அதைப் பார்த்த நடிகர் ஜேம்ஸ் காக்னி ஹொலிவூட்டுக்கு அழைத்தார். அதற்குப் பிறகு நாற்பதுக்கு மேற்பட்ட படங்கள். ரெக்சாஸில் ஒரு வீடு வாங்கினார். அநாதை இல்லத்தில் இருந்த சகோதரங்களை எடுத்துத் தமக்கை கொரினோடு விட வேணும் என்பதற்காகத்தான் அந்த வீடு. 1955இல் அவருடைய சொந்தக் கதையே படமாக வந்தது. தன்னைத் தானே நடிக்க முதலில் மனமில்லாமல் இருந்தவர். அந்தப் படத்தில் பனியும் இல்லை, குளிரும் இல்லை. வண்டியும் வேறை வண்டி. ஆனால் சனம் அள்ளிக்கொண்டு போனது. 

இவ்வளவும் வெளிச்சப் பக்கம். இனி மற்றப் பக்கம்.

பட்டம், பணம், பெயர் எல்லாம் இருந்தும் மேர்பிக்கு நித்திரை வரவில்லை. தலையணைக்குக் கீழே தோட்டா போட்ட கைத்துப்பாக்கி இல்லாமல் படுக்க மாட்டார். கெட்ட கனவுகள். முதல் மனைவி வான்டா ஹென்றிக்ஸ் ஒரு நடிகை. தன்னைத் துப்பாக்கி முனையில் நிறுத்தி வைத்ததாகப் பின்னாளில் அவ சொன்னா. ஜேர்மன் அநாதைப் பிள்ளைகளைக் காட்டிய செய்திப் படமொன்றைப் பார்த்து அவர் அழுததையும் அவதான் சொன்னா. அந்தக் கலியாணம் கன காலம் நிற்கவில்லை. நித்திரைக்காகப் பிளசிடில் என்ற குளிசை எடுத்து, அறுபதுகளின் நடுவில் அதற்கு அடிமையாகிப் போனார். அதைக் கண்டுகொண்டதும் ஒரு மோட்டல் அறையைத் தானே பூட்டிக்கொண்டு, ஒரு கிழமை அந்த உடல் வேதனையைத் தனியத் தாங்கி விட்டுத்தள்ளினார். எரிகிற வண்டியில் ஏறியதற்குக் குறைவில்லாத துணிச்சல் அது. அதற்கு ஒரு பதக்கமும் இல்லை.

அவரைப் புனிதராக்க நான் விரும்பவில்லை. சூதாட்டத்தில் உழைத்தது எல்லாம் போனது. 1968இல் வங்குரோத்து. கோபம் வந்தால் கை நீட்டுகிற ஆள். சண்டையில் இறங்கி நீதிமன்றம் மட்டும் போனவர். ஆனால் கடனில் மூழ்கியிருந்த காலத்திலும் சிகரட், சாராய விளம்பரங்களில் முகம் காட்ட மாட்டன் என்று நின்றார். சின்னப் பிள்ளைகள் தன்னைப் பார்த்துப் பழகிவிடும் என்பது அவருடைய நியாயம்.

அந்தக் காலத்தில் ஒரு சிப்பாய்க்கு மனம் உடைந்தால் அதைக் கோழைத்தனம் என்பார்கள். செல் அதிர்ச்சி, யுத்தக் களைப்பு என்று பல பெயர் வைத்து மூடி மறைப்பார்கள். ஆண்பிள்ளைக்கு என்ன நித்திரை இல்லாமல் என்பார்கள். மேர்பி அதை மறைக்கவில்லை. தனக்கு இப்படித்தான் என்று வெளிப்படையாகச் சொன்னார். கொரியாவிலிருந்தும் வியட்நாமிலிருந்தும் திரும்பிய பெடியள் இதே மாதிரித் தவிக்கிறார்கள், அரசாங்கம் இதைக் கவனித்து ஆராய வேணும், வைத்தியம் கொடுக்க வேணும் என்று கேட்டார். நாட்டின் முதல்தர வீரரே எனக்குப் பயமாக இருக்கிறது என்று சொன்னால், மற்றவன் சொல்ல வெட்கப்படுவானா? 1980இல்தான் அமெரிக்க மனநல வைத்தியர்கள் இந்த வருத்தத்துக்கு இன்றுள்ள பெயரை வைத்துப் புத்தகத்தில் ஏற்றினார்கள்.

இதை ஏன் இவ்வளவு விரித்து எழுதுகிறேன் என்று என் வயது ஆட்களுக்கு விளங்கும். நாங்கள் வந்த முதல் மாரியில், முகாமில் என்னோடு ஒரே அறையில் இருந்தவர் கட்டிலில் படுக்க மாட்டார். கட்டிலுக்குக் கீழேதான் படுப்பார். நாங்கள் ஆறு பேரும் அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தோம். ஓகஸ்ட் முதலாம் திகதி இங்கே சுவிஸ்காரர் தங்கள் தேசிய நாளுக்கு வாணம் விட்டுக் கொண்டாடுகிற இரவு, எங்கள் வீடுகளில் யன்னலைச் சாத்தி, திரையை இழுத்து, ரிவியைச் சத்தமாய் வைத்துக்கொண்டு இருக்கிற அப்பாக்கள் எத்தனை பேர். பிள்ளைகள் கேட்டால் தலையிடி என்கிறோம். அப்பாவுக்கு ஏன் சட்டென்று கோபம் வருகிறது, அம்மா ஏன் விடிய மூன்று மணிக்குக் குசினியில் நிற்கிறா என்று இங்கே பிறந்த பிள்ளைகளுக்குத் தெரியாது. டொக்டரிடம் போனால் சனம் விசர் என்று கதைக்கும் என்ற பயம். நானும் கன வருஷம் போகவில்லை. பிறகு மகள் கூட்டிக்கொண்டு போனா. மொழிபெயர்க்க வந்த தமிழ்ப் பிள்ளைக்கு முன்னால் வாய் திறக்க எனக்கு மூன்று தவணை எடுத்தது.

மேர்பி 1971 மே 28ஆம் திகதி செத்தார். வேர்ஜினியா மாநிலத்தில், மழையும் முகிலும் மூடியிருந்த நேரம், அவர் போன சின்ன விமானம் பிறஷ் மவுண்டன் என்ற மலையில் மோதியது. விமானியோடும் மற்றப் பயணிகளோடும் அவரும் முடிந்தார். வயது நாற்பத்தைந்து. ஆர்லிங்ரன் இராணுவ மயானத்தில் புதைத்தார்கள். அந்தப் பெரிய பதக்கம் பெற்றவர்களின் கல்லுக்குத் தங்க முலாம் எழுத்துப் போடுவது வழக்கம். சாதாரண சிப்பாயின் கல்லைப் போலவே தன் கல்லும் இருக்க வேணும் என்று கேட்டிருந்தபடியால், போடவில்லை. கல்லில் பிறந்த வருஷம் 1924 என்று, தமக்கை கொடுத்த வயதுதான் இருக்கிறது.

1951இல் அவர் இரண்டாவதாகக் கட்டிய பமெலாவுக்கும் இரண்டு மகன்மாருக்கும் மிஞ்சினது கடன். பெரிய வீட்டை விட்டுவிட்டுச் சின்ன அபார்ட்மெண்டுக்குப் போய், லொஸ் ஏஞ்சல்ஸ் பக்கம் செபுல்வேதாவில் இருந்த முன்னாள் படைவீரர் ஆஸ்பத்திரியில் ஒரு சாதாரண உத்தியோகத்தில் சேர்ந்தா. முப்பத்தைந்து வருஷம் அங்கே வேலை செய்தா. காத்துக் காத்துக் களைத்துப்போய் வீட்டுக்குத் திரும்பப் பார்க்கிற பழைய சிப்பாய்மாரைக் கையில் பிடித்து, நேரே டொக்டரின் அறை வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போவாவாம். கடன் முழுவதையும் சம்பளத்தில் இருந்து கட்டி முடித்தா. 2010இல், தொண்ணூறாவது வயதில் காலமானா.